என் தலைமுடியும் அடுத்தவர் கம்ப்யூட்டரும்

ஒரு நடன மண்டபத்துக்குள் நுழைகிறீர்கள். முப்பது பேர் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் காலெடுத்து வைத்ததும் அத்தனை பேரும் சிலையாகிறார்கள். ஒரு பெண் தூக்கிய காலைக் கீழே வைக்காமல் ஒற்றைக் காலில் நிற்கிறாள். இரண்டு விநாடி கழித்து எல்லோரும் ஒரே சமயத்தில் நாலடி தள்ளிப் போய் முளைக்கிறார்கள். மறுபடி சிலை. உங்கள் அழகைப் பார்த்து உறைந்துவிட்டார்கள் என்று சந்தோஷப்பட வேண்டாம். உங்கள் தலைமுடி கனமாக இருக்கிறது. அதைச் சுமக்க முடியாமல்தான் இந்தத் திணறல்.

இது நடப்பது செகண்ட் லைஃப் என்கிற கம்ப்யூட்டர் உலகத்தில். 2003 ஜூனில் சான்ஃபிரான்சிஸ்கோவின் லிண்டன் லேப் கம்பெனி திறந்துவைத்தது. இருபது வருடம் தாண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. விளையாட்டு என்று சொல்லலாம். ஆனால் ஜெயிப்பது, தோற்பது எதுவும் கிடையாது. ஒரு பொம்மை உருவம் எடுத்துக்கொண்டு (அவதார் என்று நம்ம வார்த்தையைத்தான் வைத்திருக்கிறார்கள்) நடக்கலாம், பறக்கலாம், வீடு கட்டலாம், சட்டை தைத்து விற்கலாம். ஒன்றுமே செய்யாமல் நாளெல்லாம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஊர்வம்பும் பேசலாம். இதில் முக்கியமான சங்கதி, அங்கே கண்ணில் படுகிற மரம், மாடி, செருப்பு, மூக்குத்தி எல்லாமே பெரும்பாலும் குடிமக்கள் கைப்பட உருவாக்கியவை. கம்பெனி கொடுத்தது நிலமும் வானமும்தான் என்றே சொல்லலாம்.

அந்த ஊர்க்காரர்கள் தினம் பத்து தடவையாவது உச்சரிக்கிற வார்த்தை ‘லேக்’. ஏரி அல்ல, பின்தங்கல். நீங்கள் பட்டனை அழுத்துவதற்கும் அவதார் நகர்வதற்கும் நடுவே ஒரு வாய் காபி குடித்துவிடலாம். படம் விக்கி விக்கி வருவது, பேச்சு பாதியில் நிற்பது, முன்னால் நடந்துபோன ஆசாமி ரப்பர் போலப் பழைய இடத்துக்கே இழுபடுவது எல்லாம் இதில் அடக்கம். நம் வீட்டுப் பெரியவர்கள் எந்த வலிக்கும் ‘வாயு’ என்று சொல்வார்களே, அந்த மாதிரி அங்கே எல்லாவற்றுக்கும் லேக்.

இதில் நான் மாட்டிக்கொண்டது இப்படி. என் அக்கா பையன் பைக்கிலிருந்து விழுந்து, காலில் கம்பி வைத்து, மூன்று மாதம் கட்டிலோடு கிடந்தான். அவன் திருச்சியில், நான் சென்னையில். போனில் எத்தனை நாள்தான் ‘வலி எப்படிடா இருக்கு’ என்று கேட்பது? “அங்க வாங்க மாமா, நடந்துக்கிட்டே பேசலாம்” என்றான். காலை அசைக்க முடியாதவன் நடக்கக் கூப்பிடும்போது என்ன சொல்லி மறுப்பது? போனேன். தினம் ராத்திரி ஒன்பதரை மணிக்கு ஆளில்லாத ஒரு கடற்கரையில் சந்திப்போம். அவன் ஓடுவான். நான் பின்னாலேயே பறப்பேன். எனக்கு அதில் நடப்பதைவிடப் பறப்பதுதான் சுலபமாக வந்தது.

அவனிடம் இருந்தது காலேஜில் சேர்ந்தபோது வாங்கின லேப்டாப். என்னுடையது, மகள் ஆசையாக வாங்கிக்கொடுத்த, ஒரு ஸ்கூட்டர் விலையுள்ள கம்ப்யூட்டர். இந்த வித்தியாசத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வாரத்தில் அவன், “லேக் அடிக்குது மாமா, கொஞ்சம் நில்லுங்க” என்று சொல்ல ஆரம்பித்தான். எனக்கு ஒன்றும் அடிக்கவில்லை. கடலலை வெண்ணெய் மாதிரி வந்து போய்க்கொண்டிருந்தது. ஆகவே நான் வைத்தியராக இறங்கினேன். நோய் இல்லாதவன்தானே எப்போதும் வைத்தியம் சொல்வான்!

லேக் என்று ஒரே பெயரில் சொன்னாலும் குற்றவாளிகள் மூன்று பேர். ஒன்று, உங்கள் மேஜை மேல் இருக்கிற பெட்டி. இரண்டு, அதற்கும் அமெரிக்காவுக்கும் நடுவிலுள்ள வழி. மூன்று, அந்த ஊரையே நடத்துகிற சர்வர். இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் மாத்திரை கொடுக்கக் கூடாது. பிரிப்பது சுலபம். நின்ற இடத்திலேயே ஒரு வெற்றுச் சுவரைப் பார்த்துத் திரும்புங்கள். படம் சட்டென்று வழுக்கிக்கொண்டு ஓடினால், திணறியது படம் வரைகிற உங்கள் பெட்டி. ஆளே இல்லாத வேறொரு தீவுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே சரியாகிவிட்டால் சுமை முந்தைய இடத்தில் இருக்கிறது. படம் ஒழுங்காக ஓடுகிறது, சொன்ன பேச்சு மட்டும் லேட்டாகக் கேட்கிறது என்றால் வழியில் கோளாறு. கன்ட்ரோல், ஷிஃப்ட், 1 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதுதான் அங்கே தெர்மாமீட்டர். செகண்டுக்கு எத்தனை படம், போய்வர எத்தனை மில்லி செகண்ட், சர்வரின் நாடித்துடிப்பு எல்லாம் அதில் இருக்கிறது.

நான் முதலில் சந்தேகப்பட்டது வழியை. இன்டர்நெட் இணைப்புக் கொடுத்தவரைத் திட்டுவது நம் எல்லோருக்கும் கை வந்த கலை. அக்கா வீட்டுக்கு அவரை இரண்டு தடவை வரவழைத்து ஒயரை மாற்ற வைத்தேன். பாவம், அவர் மேல் தப்பே இல்லை. சென்னையிலிருந்து அமெரிக்காவின் மேற்குக் கரைப் பக்கம் பூமியின் மேலாக நேர்கோடு போட்டால் சுமார் 13,000 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி செகண்டுக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீட்டர்தான் போகும். போக 65 மில்லி செகண்ட், வர 65. திருச்சிக்கும் இதே கணக்குதான். கேபிள் நேர்கோட்டில் போகாது, கடலையும் ஊரையும் சுற்றித்தான் போகும் என்பதால் நிஜத்தில் இன்னும் அதிகம். இதைக் குறைக்க எந்தக் கம்பெனியாலும் முடியாது. ஐன்ஸ்டைனிடம்தான் புகார் கொடுக்க வேண்டும். ஆனால் இந்தத் தாமதம் சீரானது. படத்தை விக்கவைப்பது இது அல்ல.

அடுத்து பார்வைத் தூரம். அவதாரைச் சுற்றி எத்தனை மீட்டர் வரைக்கும் உலகத்தை வரைய வேண்டும் என்று நாமே சொல்லிக்கொள்ளலாம். 128 மீட்டரை 64 ஆக்கினால் பாதிதானே குறையும் என்று தோன்றும். வட்டம் என்பதால் பரப்பு கால்வாசியாகிவிடும். அவனை 64க்கு இறக்கினேன். தூரத்து மலை மறைந்தது. கொஞ்சம் தேவலை என்றான். ஆனால் விக்கல் நிற்கவில்லை.

ஒரு நாள் பொறுமையிழந்து நேரடி பரிசோதனையில் இறங்கினேன்.

“சுவத்தைப் பாருடா.”

“சூப்பரா ஓடுது மாமா.”

“கடலைப் பாரு.”

“அதுவும் ஓடுது.”

“இப்ப என்னைப் பாரு.”

பதில் வர இருபது விநாடி ஆயிற்று.

இரண்டாவது வாரத்தில்தான் அந்த முடியை வாங்கியிருந்தேன். 300 லிண்டன் டாலர், நம்ம காசுக்கு நூறு ரூபாய் சுமார். தோள் வரைக்கும் புரளும், காற்றில் அசையும். நிஜத்தில் எனக்கு முடி விடைபெற்று இருபது வருடம் ஆகிறது என்பதால் கொஞ்சம் தாராளமாகவே வாங்கிவிட்டேன். கூடவே ஒரு பட்டு ஜிப்பா, ஒரு கைக்கடிகாரம்.

என்ன கனம் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். அங்கே எந்தப் பொருளின் மேலும் தோல் மாதிரி ஒரு படத்தைப் போர்த்துகிறார்கள். 1024க்கு 1024 புள்ளிகள் உள்ள படம் என்றால் பத்து லட்சத்துக்கு மேல் புள்ளிகள். புள்ளிக்கு நாலு பைட். விரித்துப் போட்டால் கம்ப்யூட்டரின் நினைவில் 4 மெகாபைட் இடம் பிடிக்கும். ஜிப்பாவில் எட்டுப் பொத்தான், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படம் என்றால் 32 மெகாபைட். திரையில் அந்தப் பொத்தான் தெரிவது கடுகளவு. அதையே 256க்கு 256இல் செய்திருந்தால் பதினாறில் ஒரு பங்கு போதும், கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. முடி இன்னும் மோசம். ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக ஏகப்பட்ட கண்ணாடித் தாள்களை அடுக்கி, எது முன்னால் எது பின்னால் என்று ஒவ்வொரு கணமும் கம்ப்யூட்டர் பார்த்துப் பார்த்து வரைய வேண்டும்.

சாதாரண கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் இந்தத் தொந்தரவு குறைவு. அங்கே ஒரு ஸ்டூடியோ எல்லாவற்றையும் செய்கிறது. ‘ஒரு மரத்துக்கு இவ்வளவுதான்’ என்று தலைமை ஓவியர் முதலிலேயே பட்ஜெட் போட்டுக் கொடுத்துவிடுவார். செகண்ட் லைஃபில் பட்ஜெட் போடுகிறவர் யாரும் இல்லை. செய்கிறவருக்குத் தன் பொருள் அழகாக இருக்க வேண்டும். வாங்குகிறவருக்கும் அதே. அதை வரைந்து காட்டப்போகிற ஐம்பது கம்ப்யூட்டர்களின் சொந்தக்காரர்கள் அந்த வியாபாரம் நடக்கிற இடத்திலேயே இல்லை.

இப்போது உங்களை ஒன்று கேட்கிறேன். நான் தப்பு செய்தேனா?

இல்லை என்றுதான் உடனே சொல்லத் தோன்றும். எனக்குத் தெரியாது. கெடுதல் செய்கிற எண்ணம் துளியும் இல்லை. காசு கொடுத்து முடி வாங்கினேன், மாட்டிக்கொண்டேன். சட்டத்திலும் சரி, நம் வீட்டுப் பஞ்சாயத்துகளிலும் சரி, ‘தெரியாமல் செய்ததுதானே’ என்பது பாதி மன்னிப்பு.

ஆனால் எனக்கு ஏன் தெரியாமல் போயிற்று? அதுதான் என்னை உறுத்தியது. என் கம்ப்யூட்டர் பலசாலி. என் முடியின் பாரத்தை அது முனகாமல் தூக்கிவிட்டது. அந்தப் பாரத்தை உணர்ந்தது, அதை வாங்காத, அதனால் ஒரு பலனும் இல்லாத, பழைய லேப்டாப்காரன். தெருக் குழாயில் மோட்டார் போட்டு உறிஞ்சுகிறவருக்கு, கடைசி வீட்டில் சொட்டுத் தண்ணீர் வராதது எப்படித் தெரியும்? அவர் வீட்டில் அருவியாகக் கொட்டுகிறது. அவருடைய அறியாமை அவருடைய வசதியின் ஒரு பகுதி. மோட்டாரோடு இலவசமாக வருவது. அப்படி வருகிற அறியாமையை எந்த அளவுக்கு மன்னிக்கலாம்?

இந்த மாதிரிப் பொதுச் சொத்துச் சிக்கலைப் பற்றி காரெட் ஹார்டின் 1968இல் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரை பிரசித்தம். பொது மேய்ச்சல் நிலத்தில் ஆளாளுக்கு இன்னும் ஒரு மாடு, இன்னும் ஒரு மாடு என்று ஓட்டிவிடுவார்கள். மாட்டின் லாபம் அவனவனுக்கு. புல் தீர்ந்துபோகிற நஷ்டம் எல்லோருக்கும். கடைசியில் நிலம் கட்டாந்தரை. என் கேஸ் இதைவிடக் கேவலம் என்று தோன்றியது. ஹார்டினின் மாட்டுக்காரனுக்காவது பால் கிடைத்தது. என் பொத்தானில் இருந்த 4 மெகாபைட்டால் எனக்கு ஒரு சொட்டுப் பாலும் இல்லை. அந்தப் பொத்தானின் இழையை நானே பார்த்ததில்லை.

இதுவரை சொன்னது பெட்டியின் லேக். சர்வர் லேக்கில் தர்மசங்கடம் வேறு மாதிரி. அங்கே நிலத்தை 256 மீட்டருக்கு 256 மீட்டர் என்று சதுரங்களாக வெட்டி வைத்திருக்கிறார்கள். நம்ம கணக்கில் பதினாறு ஏக்கர். ஒவ்வொரு சதுரத்துக்கும் அதை நடத்த ஒரு சிமுலேட்டர். அது செகண்டுக்கு 45 சுற்று ஓட வேண்டும். அதாவது ஒரு சுற்றுக்கு 22 மில்லி செகண்ட்தான் அவகாசம். அதற்குள் யார் எங்கே நகர்ந்தார்கள், பந்து எங்கே விழுந்தது, கதவு திறந்ததா, எல்லாவற்றையும் பார்த்து முடித்தாக வேண்டும். பொருட்களுக்குள் ஸ்கிரிப்ட் என்று குட்டி நிரல்கள் உண்டு. கதவைத் திறக்க ஒன்று, நகையை மினுக்க ஒன்று. இவையெல்லாம் அதே 22 மில்லி செகண்டில் பங்கு கேட்கும். பங்கு போதாவிட்டால் சர்வர் காலத்தையே மெதுவாக்கிவிடும். அந்தத் தெர்மாமீட்டர் பட்டியலில் காலத்தின் வேகம் என்று ஓர் எண் இருக்கிறது. 1 என்றால் ஆரோக்கியம். 0.5 என்றால் அந்தப் பதினாறு ஏக்கரில் பந்து பாதி வேகத்தில்தான் விழும்.

2006 நவம்பரில் யாரோ புண்ணியவான் தன்னைத்தானே நகல் எடுத்துக்கொள்கிற தங்க வளையங்களை அந்த உலகத்தில் அவிழ்த்துவிட்டான். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, வானமெல்லாம் வளையம். சர்வர்கள் மூச்சுத் திணறி, கம்பெனி கொஞ்ச நேரம் வாசல் கதவைச் சாத்திவிட்டுப் பெருக்க வேண்டியதாயிற்று. இது அயோக்கியத்தனம். இதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் அந்தக் காலத்து முடிகளையும் செருப்புகளையும் பாருங்கள். ஒரு சவுரியில் நூற்றுக்கு மேற்பட்ட துண்டுகள் இருக்கும். தலைக்குத் தகுந்தாற்போல் அளவைக் கூட்டிக் குறைக்க ஒவ்வொரு துண்டுக்குள்ளும் ஒரு ஸ்கிரிப்ட் வைத்து விற்றார்கள். அளவு சரிசெய்வது ஒரே தடவை. அதன் பிறகும் அந்த நூறு ஸ்கிரிப்டுகளும் வேலை வெட்டி இல்லாமல் தலையிலேயே குடியிருந்து, போகிற ஊரிலெல்லாம் சர்வரிடம் ‘எனக்கு ஏதாவது வேலை இருக்கா’ என்று கேட்டுக்கொண்டிருக்கும். இப்படிப்பட்ட தலையோடு பத்து நல்லவர்கள் ஒரு மண்டபத்துக்கு வந்தால், ஒரு வளையக்காரன் செய்ய நினைத்ததைக் கெட்ட எண்ணம் இல்லாமலே செய்துமுடிப்பார்கள். எண்ணம் வேறு, விளைவு ஒன்று. சர்வருக்கு எண்ணம் தெரியாது.

சரி, என்ன செய்யலாம்? அந்த ஊர் மக்கள் முயன்று பார்த்த வழிகள்தான் எனக்குச் சுவாரஸ்யமாக இருந்தன.

முதலில் மானத்தை வாங்கிப் பார்த்தார்கள். 2008 வாக்கில் ஒவ்வொருவரையும் வரைய எவ்வளவு செலவு என்று தலைக்கு மேலே ஓர் எண்ணைக் காட்டுகிற வசதி வந்தது. குறைவென்றால் பச்சை, அதிகமென்றால் சிவப்பு. விளைவை நீங்களே ஊகிக்கலாம். சிவப்பு எண்ணோடு வந்தவரை, ‘முடியைக் கழட்டு, இல்லாவிட்டால் வெளியே போ’ என்று மண்டபக்காரர்கள் விரட்ட ஆரம்பித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த எண் காட்டியது பார்க்கிறவர் கம்ப்யூட்டரின் படம் வரைகிற செலவை. விரட்டியவர்கள் நினைத்துக்கொண்டதோ சர்வர் சுமை என்று. செய்யாத குற்றத்துக்குத் தண்டனை. பச்சை எண்காரர் ஐம்பது ஸ்கிரிப்டுகளைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு யோக்கியமாக ஆடிக்கொண்டிருக்கலாம். ஒரு நிஜமான பிரச்னைக்கு அரைகுறையான ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டால் மனிதர்கள் அதை அளக்கப் பயன்படுத்த மாட்டார்கள், அடிக்கத்தான் பயன்படுத்துவார்கள். பரீட்சை மார்க் நம் வீடுகளில் படுகிற பாடு தெரியாதா?

விரட்டுவதில் இன்னொரு நெருடலும் இருக்கிறது. டாம் போயல்ஸ்டோர்ஃப் என்ற மானுடவியல்காரர் செகண்ட் லைஃபுக்குள்ளேயே ஒரு அவதாராக இரண்டு வருடத்துக்கு மேல் குடியிருந்து, ஏதோ பழங்குடிக் கிராமத்தை ஆராய்வதுபோல ஆராய்ந்து 2008இல் புத்தகம் போட்டார். அது பாசாங்கு அல்ல, அதுவும் ஒரு வாழ்க்கைதான் என்பது அவர் கட்சி. பிற்பாடு மாற்றுத்திறனாளிகள் அங்கே எப்படி வாழ்கிறார்கள் என்பதையும் ஆராய்ந்தார். சக்கர நாற்காலியிலிருந்து எழ முடியாத ஒருவர் அங்கே போய்ப் பரதம் ஆடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். சலங்கை, ஒட்டியாணம், நெற்றிச்சுட்டி எல்லாம் போட்டிருக்கிறார். எண் சிவப்பு. அவரிடம் போய், ‘இதெல்லாம் ஆடம்பரம், கழட்டு’ என்று சொல்ல உங்களுக்கு வாய் வருமா? எனக்கு வராது. என் சவுரி ஆடம்பரம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எது ஆடம்பரம், எது உயிர் என்று வாசலில் நிற்கிற காவல்காரரா தீர்மானிப்பது?

2016இல் வந்த வழி எனக்குப் பிடித்திருந்தது. யாரையும் விரட்ட வேண்டாம். என் கம்ப்யூட்டர் இவ்வளவுதான் தாங்கும் என்று ஒவ்வொருவரும் தனக்கு ஒரு வரம்பு வைத்துக்கொள்ளலாம். அந்த வரம்பைத் தாண்டுகிற அவதார் உங்கள் திரையில் மட்டும் ஒரே கலரில் நிழலுருவமாகத் தெரியும். ஜெல்லி பொம்மை என்று செல்லப் பெயர். அவர் ஆடலாம், பேசலாம், நிற்கலாம். உங்களுக்கு அவர் அலங்காரம் தெரியாது, அவ்வளவுதான். கூடவே அலங்காரம் செய்துகொண்டவருக்கு ஓரமாக ஒரு குறிப்பு வரும்: சுற்றியிருப்பவர்களில் பலருக்கு நீங்கள் முழுசாகத் தெரியாமல் இருக்கலாம் என்று. அதட்டல் இல்லை, அபராதம் இல்லை. கல்யாணப் பந்தியில் நிதானமாக மூன்றாவது தடவை ரசம் கேட்கிறவருக்கு, அவர் நாற்காலிக்குப் பின்னால் நான்கு பேர் நிற்கிறார்கள் என்று தெரியப்படுத்துகிற அளவுதான். எழுந்திருப்பதும் எழுந்திருக்காததும் அவர் இஷ்டம். பொதுச் சொத்தைக் காப்பாற்ற அரசாங்கக் கம்போ தனியார் வேலியோ இல்லாமலே பல ஊர்களில் மக்கள் சமாளித்திருக்கிறார்கள் என்று காட்டி, 2009இல் எலினார் ஆஸ்ட்ரம் பொருளாதார நோபல் வாங்கினார். ஒருவர் எடுப்பது மற்றவர் கண்ணுக்குத் தெரிவதும், தண்டனை சின்னதாக ஆரம்பிப்பதும் அவர் பார்த்த ஊர்களின் பொது லட்சணம். ஜெல்லி பொம்மையில் இரண்டும் இருக்கின்றன.

ஆனால் இது பெட்டியின் லேக்குக்குத்தான் மருந்து. சர்வர் சுமையை அவரவர் திரையில் மறைத்துத் தீர்க்க முடியாது. அங்கே இருக்கிற நேரம் எல்லோருக்கும் பொது. அதை எப்படிப் பங்கு போடுவது? இதற்குத் துணிச்சலான பதில் வேறொரு உலகத்திலிருந்து வந்தது. ஈவ் ஆன்லைன், ஐஸ்லாந்துக்காரர்களின் விண்வெளி விளையாட்டு, 2003 முதல் நடப்பது. அங்கே ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் கூடிச் சண்டை போடுவார்கள். கூட்டம் அதிகமானதும் சர்வர் தடுமாறும். யுத்தகளத்துக்கு முதலில் போய் உட்கார்ந்துகொண்டவர்கள் ஓரளவு சமாளித்தார்கள். பின்னால் வந்தவர்கள் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, படம் வந்தபோது தங்கள் கப்பல் ஏற்கெனவே வெடித்துவிட்டதைக் கண்டார்கள். லேக் ஓர் ஆயுதமாகவே ஆகியிருந்தது.

2012 ஜனவரியில் ஒரு மாற்றம் கொண்டுவந்தார்கள். சுமை ஏறினால் அந்த இடத்தில் காலமே எல்லோருக்கும் சமமாக மெதுவாகும். தேவைப்பட்டால் பத்தில் ஒரு பங்கு வேகம் வரை. யார் கட்டளையும் தொலையாது, யாரும் முந்த முடியாது. 2014 ஜனவரி 27ஆம் தேதி, ஒரு நட்சத்திர மண்டலத்துக்கு வாடகை கட்டத் தவறியதால் (ஆமாம், வாடகைதான்) மூண்ட சண்டையில் மொத்தம் 7,500 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். அவர்களுடைய மிகப் பெரிய கப்பல் வகையில் மட்டும் 75 நாசம். 21 மணி நேரம் நடந்தது. பெரும்பகுதி நேரம் பத்து சதவீத வேகத்தில். ஒரு குண்டு போட்டுவிட்டுத் தோசை வார்த்துச் சாப்பிட்டு வரலாம்.

தாமதத்தை ஒழிக்க முடியாதபோது அதைச் சமமாகப் பகிர்ந்துகொள்வது. முதலில் படித்தபோது ராமராஜ்யம் என்று தோன்றியது. அப்புறம் ஓட்டை தெரிந்தது. காலம் மெதுவாவது அந்த மண்டலத்தில் மட்டும்தான். வெளியே மற்ற மண்டலங்களில் வழக்கமான வேகம். ஆகவே உள்ளே ஒரு நிமிஷம் நகர்வதற்குள் வெளியே பத்து நிமிஷப் பயணம் செய்து மேலும் மேலும் படைகள் வந்து சேர்ந்தன. கூட்டத்தைச் சமாளிக்கக் காலத்தைத் தளர்த்தினார்கள். தளர்ந்த காலம் இன்னும் கூட்டத்தைக் கூட்டியது. வேலிக்கு உள்ளே இருப்பவர்களுக்கு நியாயமாகத் தெரிகிற ஏற்பாட்டை எடைபோட, வேலிக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனாலும், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் சமமான மெதுவைத்தான் எடுப்பேன். கறுப்புத் திரையில் செத்துப்போவதைவிட, தோசை ஆறுவதற்குள் தோற்றுப்போவது கௌரவம்.

என் வழக்குக்கு வருகிறேன். பரிசோதனை முடிந்த அன்றைக்கே முடியைக் கழட்டினேன். ஜிப்பாவையும் கழட்டிவிட்டு, அங்கே சேரும்போது இலவசமாகக் கொடுத்த பனியனைப் போட்டுக்கொண்டேன். அவனுக்கு உடனே சீராக ஓடியது. ஆனால் ஒரு விஷயம் புரியவில்லை. வரம்பு வைக்கிற வசதிதான் இருக்கிறதே, அவன் லேப்டாப்பில் நான் ஜெல்லி பொம்மையாக அல்லவா தெரிந்திருக்க வேண்டும்? அப்படித் தெரிந்திருந்தால் அவனுக்கு லேக்கே வந்திருக்காதே? கேட்டேன்.

“நீங்க அந்த முடி வாங்கின அன்னிக்கு அப்படித்தான் மாமா ஆயிட்டீங்க. ஒரே கலர்ல, மூஞ்சியே இல்லாம, நிழல் மாதிரி” என்றான். அந்த வரம்பில் ஒரு விதிவிலக்கு இருக்கிறதாம். குறிப்பிட்ட ஓர் ஆளை மட்டும், என்ன ஆனாலும் முழுசாக வரை என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவைக்கலாம். அவன் என்னை அதில் போட்டிருக்கிறான்.

“அதனாலதான்டா லேக் அடிச்சிருக்கு! தெரியுமா உனக்கு?”

“தெரியும் மாமா.”

“அப்புறம் ஏன்டா சொல்லலை? ரெண்டு தடவை ஒயர் மாத்தினேனே!”

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. லேக்கா, யோசனையா என்று எனக்குத் தெரியவில்லை.

“ஆசையா வாங்கினீங்க. நான் ஒருத்தன்தான் பாக்கறேன், நானும் பாக்கலைன்னா எப்படி?” என்றான். பிறகு என் மொட்டைத் தலையைச் சுற்றி ஒரு வட்டம் நடந்து பார்த்துவிட்டு, “ஆனா இப்பதான் மாமா நீங்க மாதிரியே இருக்கீங்க” என்று சொல்லிவிட்டு, கடலைப் பார்க்க ஓட ஆரம்பித்தான்.